நலம் என்ற கட்டம்

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. முதல் வரைவை ‘நான்’ என்றுதான் தொடங்கினேன். மூன்றாவது வரியில் கை ஓடவில்லை. அதனால் புவனேஸ்வரி என்று ஒருத்தியை வைத்துக்கொள்வோம். சுகாதாரக் கணக்கெடுக்கப் போகிறவள். (அவளைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

2

வேறொரு தொடக்கம்: ‘ஆரோக்கியம் என்பது நோய் இல்லாமையா, அல்லது வாழ்வை நடத்தும் வல்லமையா என்று யோசித்தால்...’

இப்படியே கட்டுரை எழுதித் தப்பித்துவிடலாம். வேண்டாம்.

3

ஜெகதாப்பட்டினத்தில் மீன் பிரிக்கும் கொட்டகை. உண்ணாமலை ஐஸ் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். புவனேஸ்வரி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதாக்கா?”

“நல்லாத்தான் இருக்கேன் ஆத்தா. ஒருநா லீவு போட்டதில்ல.”

“காலு மரத்துப் போகுதா?”

கொட்டகையே சிரித்தது.

“ஐஸ்ல நிக்கிறவளுக்கு மரக்காம என்ன செய்யும்? அத சீக்குன்னு எழுதுனா இங்கிட்டு இருக்குற அம்புட்டுப் பேரும் சீக்காளிதான்.”

புவனேஸ்வரியும் சிரித்தாள். ‘நலம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

(அடிக்குறிப்பு: ஐஸில் மரத்த கால் வீட்டுக்குப் போனால் தெளியும். உண்ணாமலைக்கு அடுப்படியில் நின்றபோதும் தெளியவில்லை. அதைக் கேட்க வேண்டியவள் கேட்கவில்லை.)

4

உண்ணாமலைக்குப் பல வருடமாகவே சர்க்கரை; யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் காலில் மீன்முள் ஏறியது; ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. புண் அழுகி, இடது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

முடிவு ஒன்று: புவனேஸ்வரி ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். உண்ணாமலை மன்னித்து...

பொய். புவனேஸ்வரி ஆஸ்பத்திரி வாசல்வரை போய், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

5

இந்த வருடக் கணக்கெடுப்பு. அதே கொட்டகை. உண்ணாமலை ஸ்டூலில் உட்கார்ந்து இறால் பிரிக்கிறாள். இடது காலில் பாலிதீன் பை கட்டியிருக்கிறது. வலது கால் ஐஸ் தண்ணீரில்.

“வா ஆத்தா. நல்லாத்தான் இருக்கேன், எழுதிக்க. வேலைக்கு வந்துட்டேன்ல?”

குரலில் குத்தல் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் சொல்வது பொய்யும் இல்லை. படிவத்தில் இருப்பதோ ‘நலம்’, ‘நோய்’ என்று இரண்டே கட்டங்கள்.

புவனேஸ்வரி இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். இதற்கு மேல் அவளை நகர்த்த எனக்குத் தெரியவில்லை. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் டிக் அடியுங்கள். அதற்கு முன்னால் உள்ளே இறங்கி, குனிந்து, அந்த வலது காலைத் தொட்டு, “தெரியுதாக்கா?” என்று கேளுங்கள்.

நான் இன்னும் கேட்கவில்லை.