அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது

1

இது கதையாக வந்திருக்கவே வேண்டியதில்லை. கோயில் ஆண்டு மலருக்கு ‘கனடாவில் எங்கள் முதல் வீடு’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். றெமிஜியஸ் உட்கார்ந்தார். முதல் வசனம் சுளுவாக வந்தது:

‘வெக்ஸ்போர்டில், அமைதியான ஒரு தெருவில்

கோடு போட்டு அடித்தார். அமைதியும் இல்லை, தெருவும் இல்லை, அது ஹவுசிங். மறுபடியும்:

‘யுத்தத்துக்குப் பிறகு அரசாங்கம் கட்டிய வீடுகளில்

எட்டிப் பார்த்த மனைவி மக்டலீன், எந்த யுத்தம் என்று கேட்டுவிட்டுப் போனாள். அதையும் அடித்தார்.

(வாசகருக்கு: றெமிஜியஸ் நான்தான். ‘நான்’ என்று போட்டு இதை எழுதக் கை கூசுகிறது. அவர் என்று எழுதினால் ஒளிந்து நிற்கக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது.)

2

ஹிட்லரோடு சண்டை முடிந்த கையோடு, வீடில்லாத வெள்ளைக்காரருக்காகக் கட்டிய செங்கல் வீடுகள் அவை. ஒன்றோடொன்று ஒட்டியவை. பிறகு வந்தவர்களெல்லாம் வருமானத்துக்கு ஏற்ற வாடகையில் இருந்தார்கள். சனம் ‘ஹவுசிங்காரர்’ என்று சொல்லும்போது வாய் ஒரு பக்கம் கோணும்.

றெமிஜியசுக்கு அந்தக் கோணல்தான் பயம். பூசை முடிந்து யாராவது காரில் ஏற்றி வந்தால், பால் வாங்க வேணும் என்று கடைத்தொகுதியில் இறங்கிவிடுவார். கார் மறைந்த பிறகு நடப்பார். சொன்ன பொய்க்காகப் பாலும் வாங்குவார். ஏழு வருடம் அந்த வீட்டில் தயிருக்குக் குறைவிருக்கவில்லை.

பக்கத்து வீட்டில் வேரோனிக்காவும் அவள் கணவர் அமிர்தநாதரும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர். பின்னேரங்களில் வேரோனிக்கா அந்தப் பக்கம் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்க, இந்தப் பக்கம் மக்டலீனும் றெமிஜியசும் ‘பாவிகளாயிருக்கிற எங்களுக்காக’ என்று முடிப்பார்கள். இரண்டு வீட்டுக்கு ஒரே செபமாலை.

3

ஒக்டோபரில் கோயில் மாதா சுரூபம் செபமாலைக்காக ஒவ்வொரு நாளும் வீடு வீடாகப் போகும். பட்டியலில் றெமிஜியசின் பெயர், அதற்குக் கீழே வேரோனிக்காவின் பெயர். அமிர்தநாதர் பாரிசவாதத்தில் விழுந்து கோயிலைக் கண்டு ஒன்றரை வருடம். மாதா தன் மனுசன் கண்ணுக்கு முன்னால் வரவேண்டும் என்பதைத் தவிர வேரோனிக்காவுக்கு வேறு ஆசையில்லை. மாடியிலிருந்து கட்டிலைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் தூக்கியவர் றெமிஜியஸ். சுவரோடு போட்டால்தான் சனம் இருக்க இடம் வரும் என்று யோசனை சொன்னவரும் அவரே.

ஆனால் தன் முறையை அவர் ஏற்கெனவே றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் மச்சான் றமேசின் பெரிய வீட்டுக்கு மாற்றிவிட்டிருந்தார். வீடு சின்னன், சனம் கொள்ளாது என்று காரணம். வேரோனிக்காவின் வீடும் அதே அளவுதான்.

கட்டில் இறக்கிய மறுநாள், கோயிலில் பட்டியல் வைத்திருந்த மரியோ போன் எடுத்தார். வேரோனிக்கா என்று ஒரு ஆள் பெயர் எழுதியிருக்கிறா, விலாசம் ஹவுசிங்காக இருக்கிறது, ஆட்கள் எப்படி, கார் விட இடமிருக்கோ, உமக்குத் தெரியுமோ என்று கேட்டார்.

சுவரில் மாட்டியிருந்த போனைப் பிடித்துக்கொண்டு றெமிஜியஸ் சொன்னார்: “அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது.”*

மரியோ அந்தப் பெயரைத் தாண்டிப் போனார். சனிக்கிழமை வேரோனிக்கா மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு வாசலில் நின்றாள். எட்டு மணிக்கு ஒரு சட்டி நிறையக் கடலையோடு இவர்கள் கதவைத் தட்டினாள். மறந்திட்டினம் போல, சனத்துக்கெண்டு அவிச்சது வீணாகக் கூடாது என்றாள். றெமிஜியஸ் அதைச் சாப்பிட்டார். டிசம்பரில், நத்தாருக்கு முதல், அமிர்தநாதர் இறந்துபோனார்.

* இங்கே சேவல் கூவியதாக ஒரு வசனம் எழுதி வெட்டியிருக்கிறேன். வெக்ஸ்போர்டில் சேவல் உரித்த பிறகுதான் கிடைக்கும். அதோடு, இயேசுவைத் தெரியாது என்று சொன்ன இராயப்பர் வெளியே போய் மனங்கசந்து அழுதார். றெமிஜியஸ் கடலை சாப்பிட்டார்.

4

இரண்டாம் முறை எழுதியபோது குற்றத்தை மரியோவின் தலையில் போட்டுப் பார்த்தேன். ‘அகங்காரம் பிடித்த மரியோ’ என்று தொடங்கினேன். மக்டலீன் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள்.

“மரியோ மனுசன் செத்தும் போச்சு. உதை அவரிலை போடாதேங்கோ.”

வேறொரு முடிவும் எழுதினேன்: பத்தொன்பது வருடம் கழித்து, பட்டியல் இப்போது றெமிஜியசின் கையில். ஹவுசிங்கை இடிக்கப் போகிறார்கள். அதற்கு முன் அவர் வேரோனிக்காவின் பெயரை முதலாவதாகப் போட, சுரூபம் அந்த வாசலில் இறங்க, அவள் கண்ணீர்

அழகான முடிவு. இப்படிச் செய்யலாமா என்று வேரோனிக்காவிடம் போனில் கேட்டபோது அவள் கேட்டது இவ்வளவுதான்: “இப்ப ஆருக்கு, அண்ணை?”

5

ஆகவே றெமிஜியஸ் எழுதியதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார். இந்த முறை காரை வாசலிலேயே விட்டார். இடிக்கப்போகும் வீட்டைக் காலிசெய்யக் கட்டிவைத்த மட்டைப் பெட்டிகளுக்கு நடுவே இருந்து வாசித்துக் காட்டினார். அவள் முகம் மாறவில்லை.

“கடலை இல்லை, கௌபிப் பயறு,” என்றாள். பிறகு, “நீங்கள் சொன்னது எனக்கு அண்டைக்கே கேட்டது. உங்கடை போன் சுவரிலையெல்லோ.”

அப்படியென்றால் அந்தச் சட்டியைத் தெரிந்துகொண்டுதான் கொண்டுவந்திருக்கிறாள்.

“அவருக்கும் கேட்டது,” என்றாள். “கட்டிலைச் சுவரோடை போட்டனீங்கள்தானே.”

அவர் என்ன சொன்னவர் என்று றெமிஜியஸ் கேட்டார்.

“ஒரு வசனம் சொன்னவர். அதை உங்களுக்குச் சொல்லமாட்டன். எழுதிப்போடுவியள்.”

அவள் எழும்பிப் பெட்டி ஒன்றுக்கு ஒட்டுநாடா சுற்றத் தொடங்கினாள்.

6

வீட்டுக்கு வந்து அந்த வசனத்தை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அமிர்தநாதர் மன்னித்தார். ஒன்றில் சிரித்தார். ஒன்றில், ‘பாவம் அவன், பயந்தவன்’ என்றார். மூன்றிலும் நான் தப்பித்துக்கொள்வதைக் கண்டு வெட்கமாகிப் போய் மூன்றையும் கிழித்தேன்.

மலருக்குக் கட்டுரை போகவில்லை. இதுதான் போகிறது, முடிவில்லாமல். அந்த வசனத்தை எழுத, வாசகரே, என்னை விட நீங்கள் தகுந்தவர். ஒன்று மட்டும்: என்னை நல்லவனாக்கும் எதையும் அவர் வாயில் வைக்காதீர்கள். கட்டிலில் படுத்திருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் போனை வைக்கும் சத்தம் கேட்கிறது. மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, அமிர்தநாதர் மனைவியிடம் சொல்கிறார்: