வாயில் குண்டூசி

கண்ணாடிக்குப் பின்னால் என்னை உட்கார வைத்தது கடைக்கார அம்மாள்தான். "ஆளுங்க நின்னு பார்ப்பாங்க, அப்படியே உள்ள வருவாங்க" என்றாள். பார்த்தார்கள். எங்கே உள்ளே வந்தார்கள்? போட்ட துணியைப் பிரித்து அளவு திருத்தித் தருவதில் அப்படி என்ன வேடிக்கையோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒருவன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பான். ஒருத்தி போனை நீட்டிப் படம் எடுப்பாள். இன்னொருவன் விரலால் டொக் டொக்கென்று தட்டுவான். நான் என்ன, தொட்டியில் விட்ட மீனா?

என் வாயில் எப்போதும் ஏழெட்டுக் குண்டூசி இருக்கும். இடது கை மடிப்பைப் பிடிக்கும், வலது கை உதட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் குத்தும். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் "ம்ம்" தான். அதனாலேயே தெருவில் எனக்கு ஊமையக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. இதைச் சொன்னதும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீயா ஊமை? உன் வாய்ல விழுந்தா எவனாவது எழுந்திருக்க முடியுமா?" என்றவள், சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை அவரோட அம்மா அப்பா பேச வராங்கம்மா. அன்னைக்கு மட்டும் கொஞ்சம் அடக்கி வாசி."

ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை செய்கிறாள். அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் பையனும் அங்கேதான். அவன் வீட்டில் சம்மதிக்க மூன்று வருடம் ஆனது. இது தட்டிப்போனால் அவள் தாங்கமாட்டாள். அடக்கித்தான் வாசிப்பது என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை மதியம் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து நின்றார்கள். இஸ்திரிச் சூடு வெளியேறக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருப்போம். அதன் வழியே எல்லாம் கேட்கும்.

"இவதானா?" என்றார் அவர்.

"இவளேதான். பக்கத்துக் கடையில விசாரிச்சேன், ஊமையாம். ரத்தம் குத்துற மகாராணி அதைச் சொல்லவே இல்ல பாருங்க!"

எனக்குக் கை நின்றது. ஊமை முன்னால் மெதுவாகப் பேச வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

"வாயில்லாத சம்மந்தி. நல்லதுதானே?" என்று அவர் சிரித்தார்.

"நல்லா சிரிச்சீங்க. நடுத்தெருவுல கடை பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கா. நம்ம சொந்தக்காரங்க பார்த்தா மானம் கப்பலேறிடும். கல்யாணத்துல இவ முன்னாடி வந்து நிக்கக் கூடாது, அப்புறம் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு பையன்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"அவன் என்ன சொல்றது? அந்தப் பொண்ணே சரின்னுட்டாளாம்."

அவர்கள் யாரோ எவரோ, என்ன வேண்டுமானாலும் பேசட்டும். என் வயிற்றில் பிறந்த நீ எப்படியடி சரியென்றாய்? நாக்கு நுனிவரை வந்தது. வெளியே நிற்பவளின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் தெருவில் போட எனக்கு ஒரு நிமிடம் போதும். போட்டால் கல்யாணம் அந்த நிமிடமே முடிந்தது. அப்புறம் காலம் பூராவும், என் வாழ்க்கையை உன் வாய்தான் கெடுத்தது என்பாள் மகள்.

கையிலிருந்த பாவாடையின் விளிம்பை முழுதும் குத்தி முடித்தேன். வாயில் மிஞ்சியிருந்த ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தேன். எழுந்து போய்க் கடைக் கதவைத் திறந்தேன். பையனின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை தாராளமா வாங்க, சம்மந்தி" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "என் தம்பி இருப்பான், அவன்கிட்ட பேசி முடிச்சுக்குங்க. நான் வீட்ல இருக்க மாட்டேன்."