எலி கடித்த பட்டு

என் வீட்டுக்காரர் தவசிமுத்து ஒரு கலைஞர். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். எங்கள் பேட்டையான கல்மண்டபத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்துக்கொண்டு, கல்யாண ஜோடிகளை எடுத்தால் நாலு காசு வரும் என்று தெரிந்தும், துறைமுகத்துக் கிரேனையும் துருப்பிடித்த நங்கூரத்தையும் எடுத்துக்கொண்டு திரிந்தார். ஒருமுறை சேற்றில் கிடந்த கயிற்றைப் படமெடுத்து லண்டனுக்கு அனுப்பிப் பரிசு வேறு வாங்கிவிட்டார். வெள்ளைக்காரனுக்கு என்ன கேடு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மழை பொய்த்தது. ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் நானும் தெருப் பெண்கள் சிலரும் கஞ்சித் தொட்டி வைத்தோம். கேழ்வரகு கொடுத்தது இவருடைய அண்ணன் அய்யாத்துரை, தானிய மண்டிக்காரர். திடீரென்று ஒருநாள், தர்மத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்று சொல்லிவிட்டார். அவருடைய எல்லை மாதக் கடைசி. அதற்குமேல் அடுப்பு எரியாது என்று வரிசையில் நிற்பவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது? எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் பட்டணத்து மாதர் சங்கத் தலைவி ஐரீன் அம்மாள் காரில் வந்து இறங்கினார். இவருடைய படங்களைச் சங்கத்துக் கூடத்தில் மாட்டுவார்களாம், விற்ற பணம் முழுவதும் கஞ்சித் தொட்டிக்காம். ஆனால் கயிறு, கிரேன் எல்லாம் வேண்டாம், பசியைக் காட்டுங்கள், பார்க்கிறவர்கள் மனம் உருக வேண்டும் என்றார். கயிற்றைப் பழித்துவிட்டாரே என்று இவர் ஒருநாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சம்மதித்தார். இவருடைய கலைக்காக நான் ஜெபம் பண்ணியது அதுதான் முதல் தடவை.

சத்தம் போடாமல் வரிசையைப் படமெடுத்திருக்கலாம். மரியாதைக்காரர் அல்லவா, நாளைக் காலையில் எல்லோரையும் போட்டோ எடுக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். கல்மண்டபத்தில் போட்டோ என்றால் ஆயுசுக்கு ஒன்று. நாளைக்கு மண்டையைப் போட்டால் மாலை மாட்ட அதுதான் மிஞ்சும்.

மறுநாள் வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே. எண்ணெய் இல்லாதவர்கள் தண்ணீரைத் தொட்டாவது தலை வாரியிருந்தார்கள். பவுடர் பூசாத முகம் இல்லை. முதலில் நின்றவள் பூவம்மா. புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை போய், மூன்று பிள்ளைகளோடு தினமும் எங்கள் தொட்டியை நம்பியிருந்தவள். அன்னப்பட்சிக் கரை போட்ட பட்டுப்புடவையில் மகாராணி மாதிரி இருந்தாள். இவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, எப்போதும் போல வரக்கூடாதா, பசித்த மாதிரி இருக்க வேண்டாமா என்று கெஞ்சினார்.

பூவம்மா இடுப்பில் கையை ஊன்றினாள்.

“பசியோடதான் வந்துகீறோம் நைனா. அழுக்கோட வேற வரணுமா?”

இவர் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பூவம்மா படமெடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். அடுத்து வேம்பு வந்தாள், அதே புடவையில். அவளுக்கு அடுத்து வந்தவளும் அதே புடவையில். அந்தக் காமிராவில் மனிதர்கள் தலைகீழாகத் தெரிவார்கள். தலைகீழாகப் பார்ப்பவருக்குப் புடவையா கண்ணில் படும்? நானும் வாயைத் திறக்கவில்லை. திரைக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. அவர்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

கண்காட்சி அன்று சங்கத்துப் பெண்கள் கையில் கேக்கோடு படங்களைச் சுற்றிவந்தார்கள். இவர்களுக்கா பசி என்று ஒருத்தி கேட்டாள். யார் வீட்டுக் கல்யாணம் என்று இன்னொருத்தி கேட்டாள். ஒரு படமும் போகவில்லை. இவர் முகம் வதங்கிய கத்தரிக்காய் ஆகிவிட்டது. எனக்கு மாதக் கடைசிதான் கண்முன் நின்றது.

ஐரீன் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாக உற்றுப் பார்த்தார். எல்லா முந்தானையிலும் ஒரே இடத்தில் ஓட்டை. ஏன் எல்லோரும் ஒரே மாதிரிப் புடவை வாங்கினார்கள் என்று என்னைக் கேட்டார். இவரும் ஓடிவந்து குனிந்து பார்த்தார், அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவர் போல.

“ஒரே மாதிரி இல்லம்மா, ஒரே புடவைதான்,” என்றேன். “மத்ததெல்லாம் அடகுக் கடையில இருக்கு. இது எலி கடிச்சதுன்னு கடைக்காரர் எடுத்துக்கல.”

கேக் வைத்திருந்தவர்கள் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். சாயங்காலம் சுவரில் ஒரு படம்தான் மிச்சம், எனக்குத் தெரியாமல் இவர் மூலையில் மாட்டியிருந்த கயிறு. மழை வரும்வரை அடுப்பு அணையவில்லை.

அடுத்த வாரம் ஐரீன் அம்மாள் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து, கஞ்சி ஊற்றும்போது பூவம்மாவிடம் அவளுடைய படம் அங்கே சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறது என்று சொன்னேன்.

“துன்ற எடத்துலயா?”

ஆமாம் என்றேன்.

“சரி, பாத்துக்கினே துன்னட்டும்,” என்றாள். சட்டியை நீட்டினாள். “நீ அடிலேர்ந்து கலக்கி ஊத்துக்கா.”