படகுக்காரன் இரண்டாவது முறை சொன்னது

அந்த கேமை இதுவரை ஐந்து பேருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். ஐந்து பேரும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். என்னோடு லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவன் இரண்டே நாளில் கொண்டுவந்து நீட்டி, இதையெல்லாம் மனிதன் ஆடுவானா, எங்கே போகவேண்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்கிறதே என்று சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். வேலை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முப்பது வருடத்துக்கு முந்தைய வீடியோ கேம் அது. ஒரு நாட்டின் பெரிய மணி அடிப்பதை நிறுத்திவிடும். உள்ளே தொங்குகிற நாக்கை யாரோ கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். நாம் நம் ஆளுக்கு ஒரு பெயர் வைத்து, ஊர் ஊராக நடந்து, கண்ணில் படுகிறவர்களிடம் விசாரித்து, நடுவில் வருகிற பேய் பூதங்களோடு மல்லுக்கட்டி அந்த நாக்கைக் கண்டுபிடிக்கவேண்டும். இப்போது வருகிற கேம்களில் இருப்பது போல வழி காட்டும் அம்புக்குறி கிடையாது. வரைபடம் கிடையாது. நான்கு அடி வைத்தால் ஒரு சண்டை. சத்திரத்தில் போய்ப் படுத்தால்தான் அதுவரை ஆடியது சேவ் ஆகும். புதிதாக வருகிறவனுக்குக் கடுப்பாகத்தான் இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அதில் ஒரு விஷயம் உண்டு. எங்கேயும் எழுதிவைக்கவில்லை. யாரிடமானாலும் இரண்டு முறை பேசவேண்டும். முதல் முறை அவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அங்கேயே நின்று இன்னொரு முறை பட்டனை அழுத்தினால்தான் மனதில் இருப்பது வெளியே வரும். அந்த ஐந்து பேரும் ஒரு முறை பேசிவிட்டு நடையைக் கட்டியவர்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

அக்கா காலை உடைத்துக்கொண்டதாக அவளுடைய மகள் போன் செய்தபோது முதலில் எனக்கு அக்காவின் கால் நினைவுக்கு வரவில்லை. என் வீடு நினைவுக்கு வந்தது. அக்கா இருப்பது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. லிஃப்ட்காரனின் அக்கா வீட்டில் லிஃப்ட் இல்லை என்று அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். என் வீடு தரைத் தளம். மாவுக்கட்டு பிரிக்கிறவரை ஆறு வாரம் அம்மா உங்களோடு இருக்கட்டும், அத்தையும் இருக்கிறார்கள் அல்லவா, என்றாள் மகள்.

அத்தை இல்லை. என் மனைவி என்னை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இது அக்காவுக்குத் தெரியாது. மறைக்கவேண்டும் என்று திட்டம் எதுவும் போடவில்லை. அக்கா மாதம் ஒரு தடவை போன் செய்வாள். நல்லா இருக்கியா என்பாள். இருக்கேன் என்பேன். அவ? அவளும். அவ்வளவுதான், வைத்துவிடுவாள். அந்த 'அவளும்' ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது, பிறகு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

என் அக்கா முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் விசாரணை கவுண்டரில் உட்கார்ந்தவள். எந்த ரயில், எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை, எல்லாம் நாக்கு நுனியில். ஒரு முறை சொல்வாள், தெளிவாகச் சொல்வாள். இரண்டாவது முறை கேட்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒரு தடவ சொன்னா காதுல ஏறாதா?" என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அவள் போடுகிற அதட்டல் அந்த நிலையத்தில் பிரசித்தம். அதனால் அவளும் யாரையும் இரண்டாவது முறை கேட்கமாட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

அவள் வருவதற்கு முந்தின நாள் ஒரு வேலை செய்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கடைக்குப் போய் ஒரு பல் துலக்கும் பிரஷ் வாங்கினேன், ரோஸ் நிறத்தில். என்னுடையதற்குப் பக்கத்தில் நட்டுவைத்தேன். வாசலில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. மனைவிக்கு அலுவலகத்தில் மூன்று மாதப் பயிற்சி, வெளியூர் போயிருக்கிறாள் என்று கதையைத் தயார் செய்துகொண்டேன். தினமும் காலையில் அந்த பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து வைத்தேன். ஆறு வாரமும் நனைத்தேன். அக்கா கண்டுபிடித்துவிடக் கூடாது என்று பயம். கண்டுபிடித்துவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

வந்த அன்றைக்கே கேட்டாள். "அவ எப்ப வருவா?"

"பயிற்சி முடிஞ்சதும்."

"சரி" என்றாள். கட்டுப் போட்ட காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, குடிக்க ஏதாவது கொடு என்றாள். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஒரு டம்ளர் டீ போடுகிற நேரம்கூட நிலைக்கவில்லை.

நான்காவது நாள் அவளுக்குப் பொழுது போகவில்லை. டிவியில் எல்லாரும் கத்துகிறார்கள் என்றாள். நான் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்றாள். அறுபது வயதில் அவள் எங்கே இதைத் தொடப்போகிறாள் என்றுதான் அந்த கேமைப் போட்டுக் கொடுத்தேன். மூன்று பேர் சேவ் செய்துகொள்ள இடம் உண்டு. முதல் இடம் என்னுடையது. இரண்டாவது இடத்தில் அவளை ஆரம்பிக்கவைத்தேன். ஆளுக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது "உம்மணாமூஞ்சி" என்று வைத்தாள். சின்ன வயதிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

வேலையிலிருந்து வந்தால் புகார்ப் பட்டியல் காத்திருக்கும். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. சத்திரக்காரன் ஒவ்வொரு தடவையும் அதே பாட்டைப் பாடுகிறான். கடை வாசலில் நிற்கிற பொம்பளை நகரவே மாட்டேன் என்கிறாள், அவளைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான் வக்கீல் மாதிரி வாதாடினேன். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் செய்ய முடியும் என்றேன். அவள் அந்தக் காலத்தில் ரயில் ஓடவில்லையா என்றாள். சண்டை போட்டபடியே சாப்பிட்டோம். வீட்டில் இன்னொரு குரல் கேட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது வாரம் முடிகிறபோது புகார் நின்றுவிட்டது. அவள் முகம் கடுகடு என்று இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து அவளே வாயைத் திறந்தாள். ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரன் நிற்கிறானாம். இன்று படகு கிடையாது, நாளைக்கு வா என்கிறானாம். இவளும் மரியாதையாகத் திரும்பி நடந்து, வழியில் பூதங்களிடம் உதை வாங்கி, சத்திரத்தில் படுத்து எழுந்து மறுநாள் போனால் மறுபடியும் நாளைக்கு வா. பதினோரு நாள் இப்படி நடந்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு படகுக்காரன் சொன்னதைக் கவுண்டரில் சொன்னது மாதிரி வேதவாக்காக எடுத்துக்கொண்டு பதினோரு தடவை ஆற்றங்கரைக்கும் சத்திரத்துக்கும் நடந்த ஆள் இந்த உலகத்திலேயே என் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"நாளைக்கு வான்னு அவன் சொன்னா நீ போகக் கூடாதுக்கா. அங்கேயே நின்னு மறுபடி பேசணும்."

"சொன்னவன்கிட்டயே மறுபடி கேக்கிறதா? எனக்கு அது வராதுடா."

தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. அப்படிக் கேட்பது அவனை நம்பவில்லை என்று சொல்கிற மாதிரி என்றாள். அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் மாலை வந்தபோது அவள் ஆடவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் படகுக்காரன் இரண்டாவது முறை சொல்வது அப்படியே நின்றிருந்தது. எனக்கு அது மனப்பாடம்.

'படகு இருக்கிறது. கூட வருவதற்கு ஆள் இல்லை. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, அதனால் நாளைக்கு வா என்றேன்.'

அக்கா "பாவம்" என்று மட்டும் முணுமுணுத்தாள். பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஆற்றைக் கடந்தவள், அதுவரை பார்த்த ஊர்களுக்கெல்லாம் திரும்பிப் போய் ஒவ்வொருத்தரிடமும் மறுபடி பேசினாள். கடை வாசலில் நிற்கிற பொம்பளை ஏன் நகர்வதில்லை என்பதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டாள். மணியின் நாக்கைத் தேடுகிற வேலையைச் சுத்தமாக மறந்துபோனாள்.

எனக்கு உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி போவதற்கு முன் ஒரு வருடம் சரியாகவே பேசவில்லை. என்ன ஆச்சு என்று நான் கேட்டேன், கேட்காமல் இல்லை. ஒண்ணுமில்ல என்றாள். ஒண்ணுமில்லையென்றால் சரி என்று விட்டுவிட்டேன். கடைசியில் பெட்டியோடு நின்று போறேன் என்றாள். சரி என்றேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். செருப்பை மாட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. அந்த கேமில் நூற்றுக்கணக்கான பேரிடம் இரண்டு முறை பேசியவன் நான். கட்டினவளிடம் ஒரு முறைக்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கும்.

கட்டு பிரித்த மறுநாள் மகள் காரோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் வேலைக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். அக்கா துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். கேம் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஆறாவது ஆளாவது நல்ல வார்த்தை சொல்கிறாளா பார்ப்போம் என்றுதான்.

"இப்ப புதுசா வர்றவங்க யாரும் இத ஆட மாட்டாங்கடா. பொறுமைய ரொம்பச் சோதிக்குது. கால் உடைஞ்சு வேற வழியில்லாம கெடந்ததால நான் ஆடினேன்" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும். கொஞ்சம் பொறுத்து, கவுண்டரில் இரண்டாவது தடவை கேட்டவர்களில் பாதிப் பேர் ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை போலிருக்கிறது, இது தெரிய எனக்கு அறுபது வயது ஆகிவிட்டது என்றாள்.

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மூடியபடியே கேட்டாள்.

"அவ எப்ப வருவா?"

"அடுத்த மாசம். பயிற்சி முடிஞ்சதும்."

அவள் சரி என்று சொல்லவில்லை. வெளியே கார் ஹார்ன் அடித்தது. அவள் அசையவில்லை. ஊன்றுகோலைக் கட்டில்மேல் வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். அதே குரல், அதே வார்த்தை.

"அவ எப்ப வருவா?"

தயாராக வைத்திருந்த கதை எதுவும் வரவில்லை.

"வரமாட்டாக்கா" என்றேன். "ரெண்டு வருஷம் ஆச்சு."

அக்கா தலையை ஆட்டினாள். என் முதல் சேவ் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூறு மணி நேரம் காட்டுகிறதாம், நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்று போட்டால் இரண்டு வருடத்துக்குச் சரியாக வருகிறதாம். பொண்டாட்டி இருக்கிற வீட்டில் இது நடக்காது என்றாள். ரயில் அட்டவணையோடு வாழ்ந்தவளுக்கு இது ஒரு கணக்கே இல்லை.

"அப்புறம் ஒண்ணு" என்றாள். "மூணு மாசம் வெளியூர் போறவ பிரஷ்ஷ விட்டுட்டா போவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. அக்கா பக்கத்தில் வந்து என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கார் இரண்டு முறை ஹார்ன் அடித்து ஓய்ந்தது. அக்கா திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொள், மகள் பார்ப்பாள் என்று மட்டும் சொன்னாள்.

அவள் போன பிறகு வீடு பழையபடி ஆனது. ரோஸ் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டேன். கேமைப் போட்டுப் பார்த்தேன், உம்மணாமூஞ்சி சத்திரத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. அக்கா மாதம் ஒரு தடவைதான் கூப்பிடுவாள், போய் இன்னும் ஐந்து நாள்கூட ஆகவில்லை.

"சாப்டியா?"

"சாப்டேன்க்கா."

வைத்துவிடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சாப்டியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா" என்றேன்.