யாரும் சொல்லல

"இன்னும் இறுக்கிக் கட்டுடா, சரியப் போவுது" என்று பெரியப்பா சாமிதுரை சொல்ல, வளவன் பாடைக் கயிற்றை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினான். பாடையில் அவன் அப்பா ரெத்தினம் கண்மூடிக் கிடந்தார். நேற்றுக் காலை டீ குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவர்தான். எவருக்கும் தொல்லை தராத சாவு. ஆனால் அவரைச் சுடுகாட்டுக்கு எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது.

வளவனின் அக்கா பூவிழிக்கு அப்பாவை நினைத்து அழ வேண்டும் போலத்தான் இருந்தது. அழுகை எங்கே வருகிறது? விடிந்ததிலிருந்து கண் தெருமுனைக்கே போய்க்கொண்டிருந்தது.

கீழத்தெருப் பிணம் காலங்காலமாகப் பெரிய தெருவுக்குள் நுழையாமல், முச்சந்தியில் வரப்பில் இறங்கி, வாய்க்காலைக் கடந்துதான் சுடுகாடு போகும். இப்போது குறுவைக்குத் தண்ணீர் விட்டு, வாய்க்காலில் கழுத்தளவு ஓடுகிறது. வளவன் தாசில்தாரிடம் போய் நின்றான். பெரிய தெரு பஞ்சாயத்து ரோடுதான், தாராளமாகப் போங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். பெரிய தெருக்காரர்கள் சொன்னது ஒரே வார்த்தை: "பாத்துக்குறோம்." அந்த வார்த்தை பூவிழியைத் தூங்க விடவில்லை.

"அக்கா, நீயும் பாப்பாவும் கூட வாங்க" என்றான் வளவன்.

"பொம்பளைங்க முச்சந்தியோட நின்னுக்குறதுதானடா வழக்கம்?"

"பொம்பளையும் புள்ளையும் இருந்தா கல்லெடுக்க யோசிப்பானுங்க."

சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றின் நுனியை அறுத்தான். பூவிழி தன் ஐந்து வயது மகளைப் பார்த்தாள். தமிழ்நிலா தாத்தாவின் மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். படித்தவள், ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவள், மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வாள்?

தஞ்சாவூரில் அவள் செய்கிற ஆராய்ச்சியே இதுதான். சமூக நீதி என்கிற பெரிய விஷயம் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிப் பிடிபடுகிறது? போன மாதம் இந்த ஊர் அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் ஒரு படத்தை நீட்டினாள். கீழத்தெரு, பெரிய தெரு, தெருவுக்கு ஒரு பொம்மை, ஓரமாக வயல், பெரிய தெரு தாண்டி ஆறு. "பொம்மை ஆத்துக்குப் போவணும், எப்படிப் போவும்னு கோடு போடுங்க." மூன்று வயது வாண்டுகள் எந்தப் பொம்மையையும் நேராகப் பெரிய தெரு வழியே இழுத்துவிட்டன. ஆறு வயதுப் பிள்ளைகளோ கீழத்தெருப் பொம்மையை மட்டும் வரப்பில் இறக்கி, வயலைச் சுற்றி அனுப்பின. இரண்டு தெருப் பிள்ளைகளும்தான்.

"இப்படித்தான் போவணும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல டீச்சர்."

யாரும் சொல்லாமல் எப்படித் தெரியும்?

முச்சந்தியில் பறை நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் வேப்பமர நிழலிலிருந்து, "சட்டுனு போயிடுங்க" என்றார்கள். பெரிய தெருவில் ஒரு தலை இல்லை. கதவெல்லாம் சாத்தியிருந்தது. தூரத்தில் ஒரு மொட்டை மாடியில் செங்கல் குவித்திருந்தது. மாடிதான் கட்டுகிறார்களோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வளவன் திரும்பிப் பார்க்காமல் பாடையோடு தெருவுக்குள் நுழைந்தான்.

"அம்மா, எல்லாரும் அங்கதானே போறாங்க? நாம ஏன் இங்க வந்தோம்?"

பூவிழி குனிந்து பார்த்தாள். கணுக்கால்வரை சேறு. வரப்பில் இறங்கி நின்றுகொண்டிருந்தாள். மகளின் மணிக்கட்டு அவள் பிடிக்குள் இருந்தது. எப்போது பிடித்தாள், எப்போது இழுத்தாள்?

சின்ன வயதில் ஒரத்தநாட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போகும்போதெல்லாம் இதே இடம். மாட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசிக்கொண்டே வருவார். முச்சந்தி வந்ததும் அவர் பிடி மட்டும் இறுகும். இருவரும் வரப்பில் இறங்குவார்கள். பேச்சு அறுந்ததே இல்லை. இந்த வழியைப் பற்றி அப்பா ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

"நம்ம வழி இதாம்மா?"

பூவிழி ஒரு காலைச் சேற்றிலிருந்து பிடுங்கினாள். "இல்லடா கண்ணு. அம்மா தப்பா வந்துட்டேன்."

ரோட்டில் ஏறி ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பாடையோடு சேர்ந்துகொண்டார்கள். பாதித் தெருவில் ஒரு ஜன்னல் திறந்தது. பூவிழி மகளைத் தன் பக்கம் இழுத்தாள். படத்தில் கோடு போட்ட சிறுமி ஒருத்தி, "டீச்சர்!" என்று சந்தோஷமாகக் கையசைத்தாள். பின்னாலிருந்து ஒரு வளையல் கை வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தது. திட்டும் சத்தம்கூட இல்லை. ஜன்னல் சாத்திக்கொண்டது.

செங்கல் குவித்திருந்த வீடு நெருங்கியது.

"அம்மா, கைய விடு. வலிக்குது."

பூவிழி மாடியைப் பார்த்தாள். பிறகு கையை விட்டாள். தமிழ்நிலாவின் மணிக்கட்டில் நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அதை ஊதிக்கொண்டே, தாத்தாவுக்குப் பின்னால், அவள் ரோட்டின் நடுவில் நடந்தாள்.