ஹோதம் கடித்து வைத்த ரொட்டி

அடுப்படிச் சுவரில் இரண்டு ஆணிகள். ஒன்றில் ஹோதமின் ரொட்டி, மற்றதில் அவன் மனைவி ஸைனுராவின் ரொட்டி. வெளியே கிளம்புகிறவர் ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுப் போக வேண்டும், மீதியைத் திரும்பி வந்து தின்ன வேண்டும். பஞ்ச் ஆற்றங்கரை வீடுகளில் இதுதான் வழக்கம். ஸைனுராவின் ரொட்டி காலையில் ஏறும், சாயங்காலம் இறங்கிவிடும். ஹோதமின் ரொட்டி ஏறிய வருஷம் பிறந்த கன்று இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பியபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "ஆத்தங்கரை நிலம் மட்டும் கையில இருந்தா, நான் ஏன் ஊரான் வீட்டுக்குச் செங்கல் சுமக்கப் போறேன்?"

அவன் அப்பாவின் ஆப்ரிகாட் தோப்பு அது. சண்டைக் காலத்தில் யாரோ கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போனார்கள். பழம் உதிர்ந்து அழுகியது, பிறகு மரங்களும் பட்டுப்போயின. எட்டிப் பார்க்க ஆளில்லை.

ஸைனுரா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வெடி அகற்றும் குழுவுக்குப் பெண்கள் வேண்டுமென்றதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். ஹோதமின் அக்கா மவ்ஜுதா வீட்டையே இரண்டாக்கினாள்.

"உனக்கென்னடி கிறுக்கா?"

"நிலம் வந்தா அவரும் வந்துருவார் மதினி."

"ஒரு கை தப்பாப் பட்டா நீ வரமாட்டடி!"

ஆனாலும் மறுநாளிலிருந்து வாசலில் ரொட்டியோடு நின்றவள் மவ்ஜுதாதான். "நல்லாக் கடி. எலி மாதிரி கொறிக்காத."

சிவப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம் வெடி, வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம் பயமில்லை. மண்டியிட்டு, மண்ணைத் தடவித் தடவி, ஒரு பாய் அகலம் போவதற்குள் பொழுது சாயும். ஊரார் நிலமெல்லாம் முடிந்து கடைசியாகத்தான் அவர்கள் தோப்பு வந்தது. "மதகு வரைக்கும் வெள்ளைக் கல் வந்துருச்சு" என்று போனில் சொல்வாள். "ம்" என்பான் ஹோதம். அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டிவிடுவாள், பைத்தியக்காரி.

இந்த வசந்தத்தில் கடைசிச் சிவப்புக் கல்லும் போயிற்று. மரக்கன்றுகள் வந்து இறங்கின. அன்றே போன் போட்டாள்.

"நிலம் சுத்தமாயிருச்சுங்க. வாங்க."

"இனிமே அந்த நிலத்தை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன் ஸைனுரா?" என்றான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. புதுத் தோப்பில் வீட்டார் ஆளுக்கொரு கன்று தன் கையாலேயே நட வேண்டும் என்பதும் அங்கே வழக்கம். மவ்ஜுதா நட்டாள், இவளும் நட்டாள், மீதியைக் குழுப் பெண்கள் நட்டார்கள். ஹோதமின் குழி மட்டும் காலியாகக் கிடந்தது. அவன் கன்றை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்தாள். வேர் கறுக்க ஆரம்பித்தது. அப்படியும் நட மனம் வரவில்லை. நட்டுவிட்டால் அவனுக்கென்று அங்கே என்ன இருக்கிறது?

ஒருநாள் மத்தியானம், வெள்ளைக் கற்களைத் தாண்டி, பயந்து பயந்து கால் வைத்து மவ்ஜுதா வந்தாள். கையில் தேநீர்க் கெண்டி, மடியில் ஒரு துணிமூட்டை.

"எனக்கும் போன் பண்ணான்டி. எல்லாம் தெரியும்" என்றாள். "அந்தக் கன்னைக் கொண்டா."

இருவருமாகக் குழியில் இறக்கி மண் தள்ளினார்கள். பிறகு மவ்ஜுதா மூட்டையைப் பிரித்தாள். ஹோதமின் ரொட்டி.

"ஐயோ, இதை ஏன் இறக்கினீங்க மதினி? அவர் வந்து..."

"போயிட்டுத் திரும்பி வந்தவங்கதான் மிச்சத்தைத் திங்கணும். தினம் தினம் போயிட்டு வந்தது யாரு? எந்தம்பியா?" மவ்ஜுதா ரொட்டியை அவள் கையில் திணித்தாள். "தின்னுடி."

கல்லாயிருந்த ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து ஊறவைத்துத் தின்றாள் ஸைனுரா. அழுகையும் உப்பும் கலந்து உள்ளே இறங்கின. மவ்ஜுதா மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

முழுவதையும் தின்றாள். அவன் பல் பட்ட ஓரத்தை மட்டும் தின்ன முடியவில்லை. அதைத் தலைத்துணி முனையில் முடிந்துகொண்டு, கன்றுக்குத் தண்ணீர் மொள்ள ஆற்றுக்கு இறங்கினாள்.