திங்கட்கிழமைத் தேதிகள்

“அடைப்புக்குறிய மூடு,” என்றான் தம்பி.

“மூடிட்டேன்.”

“இன்னொண்ணு திறந்து கிடக்கு பாரு.”

அக்கா விசைப்பலகையில் தேடினாள். முப்பத்தைந்து வருடமாகத் தைக்கும் கைகள் இங்கே கொசு அடிப்பதுபோல் ஒற்றை விரலோடு இறங்கின.

“நீ தட்டி முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன் போலிருக்கு.”

“வாய மூடிக்கிட்டுச் சொல்லு.”

“வாய மூடிக்கிட்டு எப்படிச் சொல்றது?”

அவன் சிரித்தான். மூச்சு திரும்பச் சற்று நேரம் பிடித்தது. அவள் திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் என்று டாக்டர் நடைவழியில் நிறுத்திச் சொன்னார். தம்பி கேட்டபோது அவள் மறைக்கவில்லை. “அப்ப திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணு முடிக்கணும்,” என்றான். விரல்கள் வீங்கிப்போய்த் தட்ட முடியாததால் கணினி முன் அவளை உட்கார வைத்தான். இன்று ஞாயிறு.

அவன் வேலை பார்த்தது குடிநீர் ஆய்வகத்தில். திங்கட்கிழமை காலையில் பதினோரு நிலையங்களிலிருந்து சோதனை முடிவுகள் ஃபைல்களாக வரும். தேதி என்றால் ஒரு நிலையத்தில் நாள் எண்ணை முன்னால் எழுதுவார்கள், இன்னொன்றில் மாதத்தை. மூன்றாவதில் மாதத்தின் பெயரையே எழுதுவார்கள். இவற்றை ஒரே மாதிரி ஆக்க அவன் எப்போதோ நாற்பது வரி நிரல் எழுதினான். அலுவலகத்தில் மற்ற பதினோரு பேரும் அதை நகலெடுத்துத் தங்கள் தங்கள் ஸ்கிரிப்ட்டில் ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் தன் நகலில் பிழையைத் திருத்தினால் மற்ற பத்தில் அது அப்படியே இருக்கும். அதனால் திங்கட்கிழமைகளில் இரண்டு மணிவரை எல்லோரும் கையால் தேதி திருத்திக்கொண்டிருப்பார்கள்.

“இத ஒரு ஃபங்ஷனா எழுதிப் பொது ஃபைல்ல வச்சுட்டா போதும். பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்து வேலையப் பாத்துட்டுப் போகும். திருத்தணும்னா ஒரே இடத்துல திருத்தலாம்.”

“இத்தன வருஷம் ஏன் செய்யல?”

“தேதி திருத்திக்கிட்டிருந்தேன்.”

பதினொன்றரைக்கு எழுதி முடித்தார்கள். அவன் சொன்னபடி சோதனைக்கு மூன்று தேதிகளைக் கொடுத்து ஓட்டினாள்.

“படி.”

“முதல்ல, மார்ச் மூணு. சரியா வந்திருக்கு.”

“அடுத்தது?”

“ஏழு, நாலு. ஏப்ரல்னுதான வரணும்? மார்ச் ஏழுன்னு வந்திருக்கு.”

“மூணாவது?”

“அதுவும் மார்ச்சு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தாள். அவள் வரிகளை மேலிருந்து கீழே மறுபடி பார்த்தாள். புரியவில்லை. மூன்று மார்ச்சுகளை மட்டும் பார்த்தாள்.

“டேய், முதல் ஆளோட இடுப்பளவு சீட்டுலயே நிக்குது. அழிக்காம ரெண்டாவது ஆளுக்கும் அதையே வெட்டியிருக்கு.”

அவன் கண்ணைத் திறந்தான்.

“மாசத்த ஃபங்ஷனுக்கு வெளியில விட்டுட்டேன்,” என்றான் மெதுவாக. “மாசம் காலியா இருந்தாத்தான் அது புது தேதியில இருக்கற எண்ணைப் பாக்கும். காலியாவே இல்லியே.” பிறகு, “உன்ன எங்க ஆஃபீஸ்ல எடுத்திருக்கலாம்.”

“எனக்கு ரெண்டு ஜாக்கெட் பாக்கி இருக்கு. என்ன செய்யணும், சொல்லு.”

“மேல, பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறி இருக்குல்ல, அதுக்குள்ள மாசத்தையும் சேத்து எழுது. அப்ப ஒவ்வொரு தடவையும் புதுசா வரும். வேல முடிஞ்சா தானா போயிடும்.”

எழுதினாள். மார்ச். ஏப்ரல். டிசம்பர்.

அலுவலகத்தில் அவனுக்கு அடுத்த மேசைப் பெண்ணை அவன் கண்ணாடி என்றுதான் சொல்வான், அவள் முகத்தில் பாதி அதுதான் என்பதால். அவளுக்கு அனுப்பிவைத்தார்கள். நாலு மணிக்கு அவள் கூப்பிட்டாள். அக்கா போனை அவன் காதருகே பிடித்தாள்.

“சார், போன வருஷத்து ஃபைல் எல்லாத்துலயும் ஓட்டிப் பாத்துட்டேன். பொது ஃபைல்ல போட்டாச்சு. பதினோரு பேரோட ஸ்கிரிப்ட்லயும் நாப்பது வரிய எடுத்துட்டு ஒரு வரி வச்சிருக்கேன்.”

“சண்டைக்கு வரப்போறாங்க.”

“வரட்டும். நீங்க சொன்னீங்கன்னு சொல்லிடறேன்.”

“சொல்லு. என்கிட்ட வந்தா கேக்கப்போறாங்க?”

அவன் மூச்சு வாங்கிக்கொண்டான்.

“நாளைக்காவது நேரத்துக்குச் சாப்பிடுங்க,” என்றான் அவன்.

போனை வைத்தபின் நகம் வளர்ந்திருக்கிறது என்றான். அக்கா நகவெட்டியை எடுத்துவந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே வெயில் போர்வையின் பாதிவரை வந்திருந்தது. வலது கையை முடித்துவிட்டு இடது கையை எடுத்தாள். வீக்கத்துக்குள் நகம் புதைந்திருந்ததால் நிதானமாக வெட்டினாள். எதிர்வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது விரலுக்கு வந்தபோது அவன் கை அவள் கையில் கனத்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

மீதி மூன்று நகங்களையும் வெட்டினாள். துணுக்குகளைக் காகிதத்தில் மடித்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மயானத்துக்குக் கொண்டுபோக வண்டி வருவதாக ஏற்பாடு. அவனுக்கு வேறு குடும்பம் இல்லை. தையல்கடைப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மாடி வீட்டுக்காரி காலையிலிருந்தே கூட இருந்தாள்.

“ஆஃபீஸ்லேருந்து யாரும் வரலியா?” என்றாள் அவள்.

“கண்ணாடிகிட்டச் சொன்னேன். இன்னிக்குத் திங்கக்கிழமை. அவங்களுக்கு ரெண்டு மணி ஆயிடும்.”

“ஒருநாள் தள்ளி வச்சிருக்கலாம்.”

“எதுக்கு,” என்றாள் அக்கா. ஆனால் வாசலைப் பார்த்தாள்.

பத்தே முக்காலுக்கு யாரோ அழைப்பு மணியை அழுத்திப் பாதியில் கையை எடுத்துவிட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது. பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால் படிவரை ஆட்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து அவனைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் நகர்ந்தார்கள். எண்ண நினைக்காமலே அக்கா எண்ணினாள். பதினொன்று.

“வேல?” என்றாள்.

“முடிஞ்சிடுச்சுக்கா. பத்து மணிக்கே.”

“எனக்கு ஒரு தேதிகூடத் திருத்தவேண்டி வரல,” என்றார் பருமனான ஒருவர். “பயந்துபோய் ரெண்டாவது தடவையும் ஓட்டிப் பாத்தேன்.”

“மூணாவது தடவையும் ஓட்டினாரு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“சிரிங்க. பரவால்ல,” என்றாள் அக்கா.

வந்தவர்கள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். கூடத்தில் நாலே நாற்காலிகள் இருந்தன. அக்கா மாடி வீட்டுக்காரியிடம் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனாள். கைக்கு ஒரு நாற்காலியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பருமனானவர் படியிலேயே எதிரே வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் ஒன்றைக் கொடுத்தாள்.